தேய்ந்துபோன தும்பி

தாராவியில் எங்கள் கடைக்கு வந்த எந்தப் பாத்திரத்தையும் நாங்கள் மங்கலாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. குத்துவிளக்கில் ஓட்டை அடைக்க வந்தாலும் முழு விளக்கையும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மின்ன வைத்துத்தான் தருவோம். கேட்காமலே செய்வது எங்கள் வழக்கம்.

மாட்டுங்காவில் தனியாக இருக்கும் மாமி ஒருவர் வெண்கலப் பூச்சாடி ஒன்றைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை பார்த்த அவர் கணவர் ஜப்பானில் பழைய சாமான் கடையில் வாங்கியதாம். கணவர் இப்போது உயிரோடு இல்லை. கரும்பழுப்பு நிறச் சாடி. அதில் நாணல், தண்ணீரில் நிற்கும் கொக்கு, நாணல் நுனியில் ஒரு தும்பி.

“அடித்தகடு ஆடறது. அதை மட்டும் பத்தவெச்சுக் குடுத்தாப் போறும்.”

தலையாட்டினேன். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். படித்த மாட்டுங்காக்காரர்கள் முன்னால் வாய் திறக்கவே கூச்சம்.

தகட்டைப் பற்றவைத்தேன். அந்தக் கறுப்பு என்ன என்று மாமியிடம் கேட்டிருக்கலாம். பழைய அழுக்கு என்று நானே முடிவுசெய்து சக்கரத்தில் பிடித்தேன். அரை மணியில் சாடி புதுக் குடம் மாதிரி மின்னியது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மாமி மொபைல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதோட கலர் எங்கே? அது அழுக்கில்லையே, பண்ணும்போதே அப்படிப் பண்ணினது.” விரல் தும்பியைத் தடவியது. “ரெக்கையில கோடெல்லாம் இருந்துதே?”

“சூட்டுல இளகிட்டு மாமி. நெருப்பு பட்டா கலரும் போயிரும். நான் வேற ஒண்ணுஞ் செய்யல.”

அவர் நம்பிவிட்டார்.

“நான்தான் பத்தவெக்கச் சொன்னேன். பேசாம ஆடட்டும்னு விட்டிருக்கலாம்.”

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: “ஒரு வார்த்தைக்கு நாங்க தவம் கெடக்கணும். பொய்யி மட்டும் ஒங்களுக்கு எப்பிடி சட்டுனு வந்துட்டு?”

மூன்று மாதம் நான் மாமி வீட்டுப் பக்கம் போகவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்த, மாமியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அந்த மாமி தன் கையாலேயே சாடியைக் கெடுத்துவிட்டதாக எல்லோரிடமும் புலம்புவதாகச் சொன்னார். அவரிடமே வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாமி கதவைத் திறந்ததும், உள்ளே கூப்பிடும் முன்பே சொன்னேன்.

“மெஷின்ல புடிச்சது நாந்தான் மாமி. நெருப்புல போவல. பொய் சொன்னேன்.”

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ என் தப்பில்லையா?”

“இல்ல.”

“தெனமும் அவர் போட்டோ முன்னாடி நின்னு மன்னிச்சுக்கோன்னு சொல்லிண்டிருந்தேனே.”

மாமி திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை நானே மெதுவாகச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.