இடது பக்கம் முறுக்கிய கம்பி

என் காக்கிச் சட்டைகளை மடித்து வைத்திருக்கும் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துண்டுக் கம்பி கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பழைய பைக்கின் கிளட்ச் கம்பி. நுனியில் நான்கைந்து சுற்று முறுக்கு, இடது பக்கமாக. பன்னிரண்டு வருஷமாக அதைத் தூரப் போட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் சட்டையை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிடுவேன். நேற்று திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவன் சட்டையை எடுக்கவில்லை, கம்பியை எடுத்தேன். மலை ஏறி இறங்கி முழங்கால் அலுத்துவிட்டது. இதை வைத்துக்கொண்டிருந்து மனசும் அலுத்துவிட்டது.

கூடலூருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் நான் வனத்துறை வாட்சர். தோட்டக்காரர்கள் முயலுக்கு வைக்கிற கண்ணிகளைத் தேடிப் பிடுங்குவது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பக்கத்திலேயே கைதேர்ந்த கண்ணிக்காரர் யார் என்றால், என் அக்காவைக் கட்டிய மச்சான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

வேலைக்குச் சேருமுன் நானும் அவரோடு போயிருக்கிறேன், பொய் சொல்வானேன். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட கம்பியை வாங்கி வந்து புரி புரியாகப் பிரிப்பார். மினுக்கம் போக நெருப்பில் காட்டுவார். கைவாடை போக அவரை இலையைக் கசக்கித் தேய்ப்பார். முயல் வேலிக்கு அடியில் போய் வந்து புல் மழுங்கிய தடத்தில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் சுருக்கு நிற்கும். "தல நுழையணும் மாப்ள, தோளு நுழையக் கூடாது. அம்புட்டுதேன் கணக்கு" என்பார். சுருக்கைச் சுண்டி இறுக்க வளைத்துக் கட்டிய கிளுவைக் குச்சியின் விறைப்பைச் சுண்டுவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அதிகம் விறைத்தால் காற்றுக்கே சுண்டிவிடும். தொய்ந்தால் முயல் உதறிவிட்டுப் போய்விடும். அவர் இடதுகைக்காரர். ஊரில் எல்லார் கம்பியும் வலது பக்கம் முறுக்கியிருக்கும், அவருடையது மட்டும் இடது பக்கம். கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

நான் காக்கி போட்ட பிறகு எங்களுக்குள் பேச்சில்லாத ஓர் ஏற்பாடு. அவர் வைப்பார், நான் பிடுங்குவேன், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மேல் நான் புகார் எழுதிக் கொடுக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் தவக்காலம் வந்தால் எனக்கு நிம்மதி. எங்கள் ஊரில் அந்த நாற்பது நாளும் ஒரு வீட்டிலும் கறி வேகாது, அதனால் கண்ணியும் கிடையாது. நான் அந்தச் சரிவுப் பக்கமே போக மாட்டேன். ரெண்டு மைல் நடை மிச்சம் என்று சந்தோஷப்படுவேன். வேதக்காரப் புத்தி! வயிறு விரதமிருந்தால் வயலும் விரதமிருக்கும் என்று நம்பிய மடையன் நான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய தவக்காலத்திலும் மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு வாட்சரும் நானும் சரிவைச் சுற்றி வந்தோம். அவர் செருப்பு வார் அறுந்து பின்தங்கிவிட்டார். மச்சானின் அவரைத் தோட்டத்து வேலியோரம், கண்ணியில் முன்னங்கால் மாட்டி ஒரு மிளா மான் குட்டி செத்துக் கிடந்தது. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் தாயின் குளம்புத் தடம். எத்தனை நாழி சுற்றிச் சுற்றி வந்ததோ, மண் மாவாகியிருந்தது. நான் முதலில் பார்த்தது குட்டியை அல்ல, முறுக்கை. இடது பக்கம். என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் மேலே போயிருந்த நேரம். மச்சான் மாட்டினால், உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். கம்பி வெட்டும் குறட்டால் முறுக்கை மட்டும் நறுக்கிச் சட்டைப் பையில் போட்டேன். பின்னால் வந்தவர் ரேஞ்சருக்குப் போன் செய்தார்.

தவக்காலத்தில் தோட்டக்காரர் யாரும் கண்ணி வைக்க மாட்டார்கள் என்றே ஆபீஸிலும் நினைத்தார்கள். மத்தியானத்துக்குள் பக்கத்துச் சரிவில் மேய்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பையில் தூக்குவாளி கட்டுகிற கம்பி ஒரு முழம் இருந்தது, அதுதான் குற்றம். ஆபீஸில் யாரோ இரண்டு அறை வைத்தார்கள். "சாமி, நான் கண்ணி வச்சதே இல்ல" என்று அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் சுவரில் மாட்டியிருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சிலுவைப் பாதைக்குக் கோயில் மணி அடிக்கிற நேரம். வேட்டியை மடித்துக் கட்டியபடி மச்சான் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கண்ணி என்னுது சார். திங்கிறதுக்கு வைக்கல, அவரைப் பிஞ்சு பூராத்தையும் முயலு கடிச்சுப் போட்டுருச்சு. அந்த ஆளை விடுங்க."

ரேஞ்சர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மச்சானைக் கேட்டார். "உங்க மச்சினனுக்குத் தெரியாதா?"

"அவனுக்கா? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னையப் புடிச்சுக் குடுத்திருப்பான் சார். அப்படிப்பட்ட பய."

அந்தப் பேச்சு என்னைக் காப்பாற்றியது. அதே பேச்சு ராவோடு ராவாக ஊருக்குள் போய், 'மச்சினனே புடிச்சுக் குடுத்துட்டான்' என்று அக்கா காதில் விழுந்தது. மச்சான் ஈஸ்டருக்கும் ஜெயிலில் இருந்தார். பறிக்க ஆளில்லாமல் அவரைக்காய் கொடியிலேயே முற்றியது. பறித்துக் கொடுக்கலாம் என்று நான் போனபோது அக்கா கதவைச் சாத்தினாள். எனக்கு வேலை நிரந்தரமான ஆர்டர் வந்தது.

வெளியே வந்தபிறகு மச்சான் ஒரே ஒரு தடவைதான் அதைப் பேசினார். லோயர் கேம்ப் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "ஆபீஸ்ல அந்தக் கண்ணியோட வெட்டுன முனையப் பாத்தேன் மாப்ள. குறடு உன்னதுதான? முறுக்கத் தூரப் போட்டியா?"

"போடல மச்சான். நான் அக்காகிட்டச் சொல்லிர்றேன்."

"வேணாம். அவ வாயில விழுந்தா ஊரு பூராம் தெரியும், உன் வேலை போயிரும். ஒரு குடும்பத்துல ஒருத்தன் மாட்டுனாப் போதும்."

எனக்கு அழுகை வந்தது. டீ சூடு என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு அவர் கண்ணி வைக்கவே இல்லை. போன ஐப்பசி மழையில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று துஷ்டி வீட்டில்கூட அக்கா என் கையிலிருந்து மாலையை வாங்க மறுத்துவிட்டாள்.

நேற்று கம்பியை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. கம்பியை முறத்தின் ஓரத்தில் வைத்தேன். எடுத்து முறுக்கை விரலால் தடவினாள்.

"அவுக முறுக்குல்ல இது."

எல்லாவற்றையும் சொன்னேன். நறுக்கியது, ஒளித்தது, மச்சான் தானாக வந்து நின்றது, டீக்கடையில் சொன்னது, எல்லாம். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இம்புட்டு வருஷமா உன்னைய வஞ்சேனேடா. நீ காட்டிக் குடுக்கலயா?" என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிறாள். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று நினைத்தேன்.

பிறகு அவள் கை முறத்தில் அப்படியே நின்றது.

"ஏலே, அப்ப அந்த ஆட்டுக்காரரு அடி வாங்குறப்ப இது உன் சட்டைப் பையிலயா கெடந்துச்சு?"

"ஆமாக்கா."

கம்பியை என் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டு உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் அதை மறுபடி வைத்தேன்.