எட்டாவது பெட்டிக் குஞ்சுகள்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு பஸ்ஸைத் துரத்தினேன். ஓடி அல்ல... மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து! புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் என் அக்கா கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை பஸ்ஸைப் பார்த்து ஆட்டிக்கொண்டு. நாற்பது வயதில் செய்கிற காரியமா இது?

அந்த பஸ்ஸில் அப்படி யார் போனார்கள் என்கிறீர்களா? இருபத்தைந்து பேர். டிக்கெட் வாங்காமல், கூரை மேல்.

கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் என் அக்கா மல்லிகா இருக்கிறாள். அவள் கணவர் கௌதமன் மாமாவுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. பாதாளத்துக்கு இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் யார் யார் கீழே இறங்கினார்கள், யார் யார் மேலே வந்தார்கள் என்று டோக்கன் பார்த்துக் கணக்கு வைப்பவர். வீட்டிலும் அவர் அப்படித்தான். துவைக்கப் போட்ட கைக்குட்டை திரும்பி வரவில்லை என்றால் விடமாட்டார்.

இப்போது இருவரும் சேர்ந்து வீட்டுப் பின்பக்க அறையில் முட்டை பொரிக்கிறார்கள். வாணலியில் அல்ல, இன்குபேட்டரில்! கறிக்கென்றே வளர்க்கும் பிராய்லர் என்ற புது ஜாதிக் கோழி வந்திருக்கிறதே, அதன் முட்டைகள். இருபத்தோரு நாள் சூடு. குஞ்சு வெளியே வந்ததும் பெட்டிக்கு இருபத்தைந்தாகப் போட்டு, வளர்க்கக் கேட்டிருக்கும் வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எந்தத் தட்டில் பொரித்த குஞ்சு எந்த வீட்டுக்குப் போகிறது என்பதற்கு மாமா ஒரு பலகை வைத்திருக்கிறார். எட்டு ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர். அதே நம்பர் அடித்த தகர டோக்கன் முன்கூட்டியே அந்தந்த வீட்டுக்குப் போய்விடும். டோக்கனைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினால் பெட்டி கைக்கு வரும். மாட்டாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது. "சொந்த மச்சினிச்சியா இருந்தாலும் அதே ரூல்தான்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்ன தீர்க்கதரிசனம்!

பட்டணத்திலிருந்து நான் போயிருந்த அன்றுதான் பொரிப்பு நாள். அடடா... அதை எப்படி எழுதுவது? கண்ணாடி வழியே பார்க்கிறேன், ஒரு முட்டையில் ஊசிமுனை அளவு விரிசல். உள்ளிருந்து ஒரு மூக்கு தட்டுகிறது. ஓய்வெடுக்கிறது. மறுபடி தட்டுகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டப்பென்று ஓடு இரண்டாகி, ஈரத்தில் நனைந்த பஞ்சுத் துண்டு மாதிரி ஒன்று கவிழ்ந்து விழுகிறது. "அக்கா, வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். "இன்னும் நூத்துக்கணக்குல வரும், ஒண்ணொண்ணுக்கும் கத்துவியா?" என்றாள் அக்கா. கத்தினேன்.

மறுநாள் காலையில் எண்ணி முடித்தபோது இருநூற்று மூன்று. எட்டுப் பெட்டி நிரம்பி, மூன்று மிச்சம். மாமாவுக்கு மத்தியான ஷிப்ட் என்பதால் அவசரமில்லை. பெட்டிகளைக் கொடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு இடப்பக்கம் நிரம்பிய பெட்டிகள், வலப்பக்கம் மூடி போட்ட காலிப் பெட்டிகள். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது?

ஏழு பேர் வந்தார்கள், டோக்கன் மாட்டினார்கள், வாங்கிப் போனார்கள். ஏழாவதாக வந்தவர் பூதிகோட்டை விவசாயி முனிசாமி கௌடர். பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. பெட்டியை வாங்கிக்கொண்டவர், "அம்மா, காலி டப்பா ஒந்து கொடி... வீட்ல எதுக்காவது ஆகும்" என்று கன்னடமும் தமிழும் கலந்து ஒரு காலிப் பெட்டி கேட்டார். வலப்பக்கம் மேலே இருந்ததை எடுத்து நீட்டினேன். ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அரை மணி கழித்து எட்டாவது டோக்கனோடு பிலோமினா வந்தாள். சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்காரி. புருஷன் பாதாளத்தில் வேலை. போன முறை பொரிப்பு குறைந்ததால் அவளுக்குத்தான் இல்லாமல் போயிற்று. இந்த முறை நிச்சயம் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டு மூலையில் பாயை வளைத்துக் கட்டி, பல்ப் தொங்கவிட்டு, காலையிலிருந்தே எரியவிட்டிருக்கிறாளாம், குஞ்சு வந்ததும் சூடு தயாராக இருக்கட்டும் என்று.

டோக்கனை மாட்டினாள். நான் இடப்பக்கம் திரும்பினேன். வெறும் தரை.

பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "இன்னாக்கா இது... போன தபாவும் இப்படியே ஆச்சு. எனக்குன்னா மட்டும் முட்டை பொரிக்காதா?"

"எண்றதுல தப்பு வந்திருக்கும். ஏழு பெட்டிதான் ஆகியிருக்கும்" என்றாள் அக்கா. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சேர்ந்து சமாதானம் சொன்னேன். பிலோமினா படியிறங்கிப் போய்விட்டாள்.

மாமா மட்டும் நகரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எட்டு டோக்கன் மாட்டியிருக்குது. இருநூத்தி மூணு எண்ணினேன். பெட்டி எங்கேயோ இருக்குது."

"விடுங்க மாமா" என்றேன். அக்கா என் கையை அழுத்தி, காதோரம் சொன்னாள். சில வருஷம் முன்பு ஒரு ஷிப்ட் முடிந்தபோது ஒரு டோக்கன் திரும்பவில்லையாம். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்களாம். இவர் கேட்கவில்லை. ஆள் அனுப்பித் தேடியதில், பாதாளத்தில் ஒரு லெவலில், அதாவது சுரங்க அடுக்கில், கால் உடைந்து கிடந்தவன் கிடைத்தான்.



ஒன்று காணாமல் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். மாமா காரணம் தேடவில்லை, பெட்டியைத் தேடினார். காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "காலி ஆறு இருந்தது. இப்பவும் ஆறு. ஒண்ணும் குறையல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கௌடருக்கு ஒன்று கொடுத்த பிறகும் எப்படி ஆறு? காலையில் காபி டம்ளர் வைக்க இடமில்லை என்று, இடப்பக்கத்துப் பெட்டி ஒன்றை நானே தூக்கி வலப்பக்கம் வைத்தேன்! ஹாரன் அவசரத்தில் கனம்கூடத் தெரியாமல் அதையே எடுத்து நீட்டியிருக்கிறேன்.

"மாமா... அந்தக் கௌடர்கிட்ட... நான்தான்..."

முழுசாகச் சொல்லவிடவில்லை. "ஏறும்மா வண்டில!" ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார ஆபீஸர் ஒருவரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் அது. கிளம்புமா என்ற கவலை அதற்கே உண்டு. மூன்றாவது உதையில் கிளம்பியது.

பங்காருப்பேட்டை ஸ்டாண்டில் டீக்கடைக்காரர், "இப்பத்தான் போச்சு" என்றார். காலி என்று நினைத்த பெட்டியை மடியிலா வைத்துக்கொள்வார் கௌடர்? கூரையில்தான் போட்டிருப்பார். நடு வெயில். பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகள். "இன்னும் வேகமா போங்க மாமா" என்று சொன்னது நானா? நான்தான்!

பூதிகோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் முதுகு தெரிந்தது. கையை ஆட்டினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, உள்ளே இடமில்லை என்று கைவிரித்தார். மாமா முந்திக்கொண்டு போய் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். பிரேக் கிறீச்சிட்டது.

"ஏன்ரீ, சாயக்கே பந்தீரா?" சாகவா வந்தீர்கள் என்று டிரைவர் கத்தினார்.

மாமா பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கூரையில் பட்டுப்பூச்சிக்குப் போடும் முசுக்கொட்டை இலைக் கட்டுகள் ஏற்றியிருந்தார்கள். இரண்டு கட்டுக்கு நடுவே இருந்த சந்தில் பெட்டி. மேலே இலை கவிந்து நல்ல நிழல். மாமா மூடியை நகத்தால் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

கீச்.

ஒரே ஒரு கீச். பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு கூச்சல் போட்டன பாருங்கள்! தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினால் கோபம் வராதா?

மாமா பெட்டியைக் கீழே இறக்கி, அங்கேயே எண்ண ஆரம்பித்தார். பஸ்ஸே இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டது. ஒருவர் தமிழில் எண்ண, ஒருவர் கன்னடத்தில் எண்ண, பின்னாலிருந்து ஒரு தெலுங்குக் குரல். டிரைவரும் சேர்ந்துகொண்டார். இருபத்தி மூன்று... இருபத்தி நான்கு... மூலையில் ஒன்று மற்றதன் அடியிலிருந்து தலையை நீட்டியது. இருபத்தைந்து! ரோட்டில் நின்று கைதட்டினோம்.

கௌடர் மடியிலிருந்த தன் பெட்டியோடு இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார். "நான் வீட்ல போயி திறந்திருந்தா, பட்டணத்து அம்மா கை தாராளம்னு நெனச்சிருப்பேன்!"

திரும்பும் வழி முழுக்கப் பெட்டி என் மடியில், என் முந்தானைக்குள். நேராக லைன் வீட்டுக்குப் போனோம். பிலோமினா பல்பை அணைத்துவிட்டு, வளைத்துக் கட்டிய பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"நான்தான் பிலோமினா, மாத்திக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. பல்பைப் போட்டாள். பாயைக் கட்டினாள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கைத் தண்ணீரில் தொட்டு எடுத்து விட்டாள். அது தலையை அண்ணாந்து விழுங்கியதும் அடுத்தது. இருபத்தைந்தும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"வெயில்ல அலைஞ்சிருக்கீங்க. உக்காருங்கக்கா, டீ போடறேன்."

நேற்று அக்காவிடமிருந்து கடிதம். இருபத்தைந்தும் நன்றாகத் தின்று கொழுக்கின்றனவாம். அதிலேயே அதிகமாகக் கத்துகிற ஒன்றுக்குப் பிலோமினா என் பெயரை வைத்திருக்கிறாளாம். எட்டாவது வாரம் கறிச்சோறு, அவசியம் வந்து சாப்பிட்டுப் போக வேண்டுமாம்... நீங்களே சொல்லுங்கள், நான் போகட்டுமா, வேண்டாமா?