ஸ்பாட்டுல இருக்கேன்: கேப் டெஸ்க்கில் ஒரு மாதம்

ஆபீஸ் ஆட்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் கேப் டெஸ்க் வேலை என்றால், கார் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே தெரிந்த மாதிரிப் பதில் சொல்வது. இங்கிலீஷில் போன் எடுத்துத் திட்டு வாங்கும் சகபாவிகளே, இது உங்களுக்குத்தான். பியூசியை, அதாவது இந்த ஊர் பிளஸ் டூவை, பாதியில் விட்டுவிட்டு வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். ஒரு மாதம் ட்ரையல். தேறாவிட்டால் மறுபடி காலேஜ் என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு டிராஃபிக்கில் நிற்கலாம்.

வீட்டுக்கு மட்டும் கிடையாது

முதல் வாரமே போனில் ‘கோ டு ஹோம்’ என்று சொல்லி, சூப்பர்வைசர் கவிதா மேடத்திடம் மாட்டினேன். ஆபீஸுக்குப் போக ‘டு’ வேண்டும், ஏர்போர்ட்டுக்கும் வேண்டும், வீட்டுக்கு வேண்டாமாம். ஏன் என்று கேட்டேன். மேடம் சொன்னார்: “காரணமெல்லாம் கேக்காதே. வீட்டுக்குப் போற அவசரத்துல ஒரு வார்த்தை மிச்சம்னு வெச்சுக்கோ.”

ஒரே ஒரு ‘ல’

நமக்கு ஆபீஸ்ல, ரோட்டுல, கேட்டுல. ஒரு ‘ல’வில் ஊரையே அடக்கிவிடுவோம். இங்கிலீஷில் ஆபீஸுக்கு இன், ரோட்டுக்கு ஆன், கேட்டுக்கு அட். ஒரு மேனேஜரிடம் வண்டி ‘இன் த கேட்’ என்றேன். அவரும் தமிழர்தான். “கேட்டுக்குள்ளயே போயிடுச்சா? அப்ப ஃபயர் சர்வீஸுக்கும் ஒரு போன் போட்டுடும்மா.”

அன்றே ஒரு துண்டுச் சீட்டில் மூன்றையும் எழுதிப் போனுக்குக் கீழே ஒட்டினேன்.

ஸ்பாட்

டிரைவர்களுக்கு ‘ஸ்பாட்’ என்பது இடமே இல்லை, ஒரு எண்ணம். அத்திபெலே ஊர்க்காரரான முனிராஜ் அண்ணா எங்கே இருந்தாலும் “பந்தே, பந்தே, ஸ்பாட்டுல இருக்கேன்” என்று வந்துவிட்டதாகக் கன்னடம் கலந்து சொல்வார். நம்பி ஆட்களைக் கீழே அனுப்புவேன். வெயிலில் காய்ந்துவிட்டு என்மேல் கம்ப்ளெய்ன்ட் கொடுப்பார்கள். கடைசி வாரம் மேடம், “இன்னும் ஒண்ணு வந்தா வேற பொண்ணைப் பாக்கறேன்” என்றார்.

மறுநாள் வெளிநாட்டு கெஸ்ட் ஒருவர் ஏர்போர்ட் போகணும். முனிராஜ் அண்ணா வழக்கம்போல ஸ்பாட்டில் இருந்தார். கெஸ்ட்டிடம் ‘இன்’னா, ‘ஆன்’னா, ‘அட்’டா என்று நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே! சீட்டைப் பார்த்தேன். “உள்ளயா, ரோட்டுலயா, கேட்டுலயா? மூணுல ஒண்ணு சொல்லுங்கண்ணா” என்றேன். போனில் ஹாரன் மட்டும் கேட்டது. “ரோட்டுல...” எந்த ரோட்டில்? ஆபீஸ் பக்கமே வராமல், குந்தலஹள்ளி சிக்னலில்! உடனே கேட்டில் நின்ற வேறு வண்டியை மாற்றிவிட்டேன். கெஸ்ட் நேரத்துக்குக் கிளம்பிவிட்டார். முனிராஜ் அண்ணா அலுத்துக்கொண்டார்: “வண்டி ஓட்ட வந்தேனா, கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்தேனா பாப்பா?”

கையெழுத்து

அதன்பிறகு எல்லா டிரைவர்களிடமும் அதே மூன்று கேள்வி. மாதக் கடைசி வரை ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லை. மேடம் என் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து எல்லா டெஸ்க்கிலும் ஒட்டினார், என் கன்ஃபர்மேஷன் லெட்டரிலும் கையெழுத்துப் போட்டார். அப்போ எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதா என்று கேட்டேன். “இங்கிலீஷ் வரலை. வண்டி வருது. அது போதும்.”

இவ்வளவு ஜெயித்த நான், அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தபோது, பாதி வழியான மாரத்தஹள்ளியைக்கூடத் தாண்டாத பஸ்ஸில் தொங்கிக்கொண்டே “தெருமுனைக்கு வந்துட்டேன்பா” என்றேன்.