மஞ்சள் தண்ணீர் பட்ட கூரை

கொழும்பில் ஏறியதிலிருந்து கேஷிகாவின் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. ரயிலில் வடை விற்றுக்கொண்டு வந்தவர் அதைக் கேக் என்றே முடிவு கட்டி, யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்தார். கேக் இல்லை, கட்டடம் என்று அவள் சொன்னாள். அவர் மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அவள் பொய் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்தது அட்டையில் செய்த ஒரு பிள்ளைக்காம்பரா. அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத் தோட்டங்களில் அதுதான் பெயர். கேஷிகாவும் அப்படி ஒன்றில் தொட்டிலில் கிடந்து கத்தித் தீர்த்தவள்தான். அவள் அம்மா சண்முகவடிவுக்கு மலையில் வேலை, அப்பா பழனியாண்டிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, பிறகு ஹட்டனுக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிப் படித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்திலிருந்து கட்டடக்கலை படிக்கப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். லயத்தில் பாதிப் பேர் அவள் மேசன் வேலை படிப்பதாகவே இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு ஏன் இந்தச் சிமெந்து வேலை என்று அவர்களுக்கு உண்மையிலேயே கவலை.

கவலை கேஷிகாவுக்கும் இருந்தது, காரணம்தான் வேறு. போன வருடம் டிசைன் ஸ்டூடியோவில் அவள் தேறவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் மேல் வகுப்புக்குப் போய்விட, தன்னை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளோடு அதே ஸ்டூடியோவில் மறுபடியும் உட்கார்ந்தாள். இன்னொரு தரம் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இந்தச் செமஸ்டருக்குக் கொடுத்த வேலை ஒரு தோட்டத்துக்குப் புதுப் பிள்ளைக்காம்பரா. எந்தத் தோட்டம் என்று வந்தபோது கேஷிகா தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசி மதிப்பீட்டையும் அங்கேயே, அந்தச் சனங்களுக்கு முன்னாலேயே வைப்போம் என்று ஸ்டூடியோவை நடத்தும் ராமநாதன் சேர் சொல்லிவிட்டார்.

ராமநாதன் சேர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. பேசுவதும் மேடைத் தமிழ்தான். இடையில் ஒருநாள் அவள் மேசைக்கு முன்னால் நின்று, “இந்தக் கூரை நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இரண்டு பக்கமும் மேலே தூக்கி, நடுவில் தாழ்ந்து சேருகிற கூரை அது. அன்றிலிருந்து கேஷிகா சுவரை மாற்றினாள், ஜன்னலை மாற்றினாள், வாசலைக்கூட மாற்றினாள். கூரையில் மட்டும் கை வைக்கவே இல்லை.

தலவாக்கலையில் இறங்கி, தோட்டத்துப் பஸ் பிடித்து, அவளும் கூட வந்த சிநேகிதி அனோஜாவும் வீடு சேர்ந்தபோது சனிக்கிழமை மத்தியானம். மதிப்பீடு மறுநாள். அனோஜா ஹட்டன் பஜாரில் புடைவைக்கடை வைத்திருப்பவர்களின் மகள். மலைநாட்டிலேயே பிறந்திருந்தும் பீலியில் குளித்ததில்லை. மலையிலிருந்து குழாயில் இறங்கும் அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கேஷிகா மாடலைப் பெட்டியிலிருந்து எடுத்து முன் காம்பரா மேசையில் வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பீலித் தண்ணீர் பட்டதும் அனோஜா போட்ட சத்தத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சண்முகவடிவு மலையிலிருந்து வந்தாள். மேசைமேல் ஒரு புதுக் கட்டடம். மகள் கட்டியது. வாசல் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, உள்ளே பழைய சேலைத் துணியில் குட்டிக் குட்டித் தொட்டில்கூட இருக்கிறது. புதுக் கட்டடம் வீட்டுக்குள் வந்திருக்க, யாரும் அதற்கு ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. குளித்தாள். செம்பில் மஞ்சள் கரைத்தாள். சூடம் காட்டினாள். வாசல்படியில் சின்னதாகக் குங்குமம் வைத்தாள். பிறகு கூரைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சண்முகவடிவு எதையும் பேருக்குச் செய்கிறவள் இல்லை. மகள் பரீட்சை தேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தெளித்ததில் செம்பு பாதி காலியாகிவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்த கேஷிகா அப்படியே நின்றுவிட்டாள். கூரை அட்டை ஊறி, உப்பி, நடுவில் தொய்ந்து கிடந்தது. அம்மா பக்கத்தில் சிரித்த முகத்தோடு செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்கள யாரும்மா இதெல்லாம் செய்யச் சொன்னா?” என்றாள் கேஷிகா. “எல்லாம் போச்சு. நான் இங்கயே கொழுந்து பறிக்கிறேன், சரியா?”

சண்முகவடிவின் சிரிப்பு போய்விட்டது. கொழுந்து பறித்துத்தான் அவள் இந்த மகளைப் படிக்க வைத்திருந்தாள். செம்பைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்புப் பக்கம் போனாள். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று கேஷிகாவுக்கு உடனே உறைத்தது. ஆனால் கோபமும் இன்னும் தீரவில்லை.

நனைந்த கூரையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். சுவர்களெல்லாம் காய்ந்தபடிதான் இருந்தன. அடுப்படி காய்ந்திருந்தது, விளையாடும் இடம் காய்ந்திருந்தது. தொட்டில் அறை மட்டும் மஞ்சளாக ஊறியிருந்தது. இரண்டு இறக்கையிலும் விழுந்த தண்ணீர் அத்தனையும் நடுவில் சேர்ந்து, பொருத்தின இடம் வழியாக நேராகத் தொட்டில்களில் இறங்கியிருந்தது. அனோஜா ஒரு குட்டித் தொட்டிலை எடுத்துப் பிழிந்து காட்டினாள்.

கேஷிகா அண்ணாந்து வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அந்த மூலையில் தகரம் ஒழுகும். அதற்குக் கீழே ஒரு சட்டி அவள் பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. சட்டியில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடிதான் அவள் பரீட்சைக்கெல்லாம் படித்தாள். மாதக்கணக்கில் விடாத மழைக்குள்ளேயே வளர்ந்தவள், ஒரே ஒரு பாராட்டில் மழையையே மறந்துபோய், குழந்தைகளின் தலைக்கு நேரே ஒரு ஓடையைக் கட்டி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் சிரிப்பும் வந்தது.

கூரையை மாற்றுவதா? சேர் பாராட்டியது அந்த ஒன்றைத்தான். வரைபடங்களிலும் அதுதான் இருக்கிறது. காய வைத்து, மஞ்சளுக்கு மேல் வெள்ளை பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அனோஜா சொன்னாள். எனக்குத் தெரியுமே என்று கேஷிகா சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டில் அட்டை இல்லை, தலவாக்கலைக்குப் போய் வர அன்றைக்கு வேறு பஸ்ஸும் இல்லை. அவள் அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தபோது, சண்முகவடிவு குசினியிலிருந்து வந்து தன் பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தாள். ஊசி, நூல், பொத்தான் எல்லாவற்றையும் ஏற்கெனவே கொட்டியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

அப்பாவின் தகரம் வெட்டும் கத்திரியால் கேஷிகா அந்த டின்னை வெட்டினாள். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்ட கூரை. ஓரத்தில் பிஸ்கட் கம்பெனியின் ரோஜாப்பூ பாதி தெரிந்தது. வரைபடங்களில் பழைய கூரைக்கு மேல் தாள் ஒட்டிப் புதியதை வரைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. தோட்டமே பழைய பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்தது. மாணவர்களின் மாடல்கள் மேசைகளில் வரிசையாக இருக்க, அம்மாமார் இடுப்புக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மாடலைப் பார்த்து, இதை யார் துடைப்பது என்று ஒருத்தி கேட்டாள். சண்முகவடிவு தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கேஷிகாவின் முறை வந்தது. ராமநாதன் சேர் மாடலையும் ஒட்டுப்போட்ட வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன கூரை எங்கே?”

“அது ஒழுகும் சேர்.”

“ஒழுகாமல் கட்ட வழிகள் இருக்கின்றன. சும்மா பயந்து ஒரு நல்ல வடிவத்தைக் கைவிட்டீர்களா, அல்லது சோதித்துப் பார்த்தீர்களா?”

கேஷிகா நிமிர்ந்தபோது, எல்லாருக்கும் பின்னால், கதவு ஓரத்தில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அம்மா நிற்பது தெரிந்தது. தலைவலி அவ்வளவு நேரம்தான் தாங்கியிருக்கிறது.

“அம்மாதான் சேர் சோதிச்சாங்க,” என்றாள் கேஷிகா. “அம்மா, அந்தச் செம்புல மஞ்சத் தண்ணி எடுத்துக்கிட்டு வாங்க. நேத்து மாதிரியே ஊத்துங்க.”

சண்முகவடிவு மாட்டேன் என்று தலையாட்டினாள். கேஷிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள். நேற்றுச் சொன்னதற்குக் காதோடு மன்னிப்புக் கேட்டாள். சண்முகவடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லயத்துக்குப் போய்ச் செம்போடு வந்தாள்.

பழைய கூரை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை முதலில் வைத்தாள் கேஷிகா. அம்மா ஊற்றினாள். கூரையைத் தூக்கிக் காட்டியபோது தொட்டில்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பார்த்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், மெய்யாகவே உள்ளே பிள்ளைகள் கிடந்ததுபோல. பிறகு தொட்டில் துணியை மாற்றி, தகரக் கூரையை வைத்தாள். இந்தத் தடவை சண்முகவடிவு செம்பையே கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து, மேசையில் ஓடி, ராமநாதன் சேர் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

சேர் சப்பாத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு பரீட்சகர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு, அந்தக் கூரையைப் பாராட்டியது தன் பிழை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “தேறிவிட்டீர்கள், கேஷிகா. அடுத்த ஆண்டுக்குப் போகலாம்.”

கேஷிகா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அனோஜா கை தட்ட, என்ன ஏது என்று தெரியாத குழந்தைகளும் சேர்ந்து தட்டின. சேர் அதோடு விடவில்லை. சண்முகவடிவின் பக்கம் திரும்பி, “அம்மா, இன்னும் ஒரு செம்பு கிடைக்குமா? மற்ற மாடல்களையும் பார்த்துவிடலாம்” என்று மரியாதையாகக் கேட்டார்.

மேசைகளைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் பதறிப்போய்த் தங்கள் மாடல்களைக் கையால் மூடிக்கொண்டார்கள். சண்முகவடிவு வெறும் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அதெல்லாம் அட்டைங்க சேர்,” என்றாள். “அட்டைக்கு ஊத்தக் கூடாது. எம்மகளுக்குக் கோபம் வரும்.”