தலைகீழாகத் தெரிந்த காப்பர் டி

பியான் தெஷெங்கின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கதைதான் இருந்தது. வருஷப் பிறப்பு விருந்தில் இரண்டாவது கோப்பைச் சாராயம் உள்ளே போனதும் அதை எடுத்துவிடுவான். கேட்பவர்களுக்கு மனப்பாடம். அவன் மனைவி யின்ஃபெங் செய்யும் பன்றிக்கறிக் கொழுக்கட்டைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருட்டு ரூம். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. பாக்குறேன், காப்பர் டி தலைகீழா நிக்குது! செம்புக் கம்பிய வளைச்சு இடுப்புல கட்டிக்கிட்டு வந்திருக்கா. அவசரத்துல தலையக் காலாக் கட்டிட்டா. யாரு கண்ண ஏமாத்தப் பாக்குறா?"

"கழுகுக் கண்ணுண்ணே உங்களுக்கு," என்பார் ஒருவர், தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி.

அந்தக் கழுகு அதற்கு முன்பு பம்புசெட்டு மீட்டர் குறித்துக்கொண்டிருந்தது. மாமா கட்சிச் செயலாளர் ஆனதும் ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தவன் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தின் எக்ஸ்ரே அறைக்கு அதிபதியானான். கர்ப்பப்பையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒரே பாடம்: நிழல் தெரிந்தால் சீட்டில் முத்திரை, தெரியாவிட்டால் கூச்சல். சீனாவில் ஒரு பிள்ளைக்கு மேல் கூடாதென்று சட்டம் இருந்த காலம். ஒரு பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் கருத்தடை வளையம் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் திரைக்குப் பின்னால் வந்து நின்றாக வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டுக் கள்ளத்தனமாக வளையத்தை எடுத்துவிட்டவர்கள், கம்பி வளையத்தைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு வருவதும் உண்டுதான். எஃகு வளையம் இருந்த காலத்தில் அப்படி இரண்டு பேரைப் பிடித்திருக்கிறான். அவர்கள் முகத்தில் தெரிந்த பயம் அவனுக்கு இனித்தது. பிறருடைய பயத்தைத் தன் தகுதியாக எடுத்துக்கொள்வது அற்ப மனிதர்களுக்குக் கைவந்த கலை.

எஃகு வளையம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவி விழுந்துவிடும். வீட்டுக்கு வீடு எதிர்பாராத பிள்ளை. அதனால் அதை எடுத்துவிட்டுக் காப்பர் டி வைத்தார்கள். பெண்கள் தாங்களே இழுத்து எடுத்துவிடக் கூடாதென்று அதன் நூலையும் நறுக்கிவிட்டார்கள். ஊரார் பேச்சில் அதுவும் வளையம்தான்.

காப்பர் டி வைத்ததற்கு அடுத்த வசந்தத்தில் சியாவ்ஜூ திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். மாவு மில்லில் வேலை, ஒரு மகள். நிழல் தலைகீழாக நின்றது. பியான் கதவைத் திறந்து கத்தினான்.

"உள்ளதான் இருக்கு. வெச்சதே நீங்கதானே?" என்றாள் சியாவ்ஜூ.

துணியை உதறித் தேடினார்கள். கம்பி இல்லை. ஜன்னல் வழியாக எறிந்திருப்பாள் என்றான் பியான். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அது யாருக்கும் நினைவு வரவில்லை. அன்றே அவளுக்குப் புதிதாக ஒன்று வைத்தார்கள். நூலில்லாத பழையது கண்ணில் படவில்லை. ஊர் ஒலிபெருக்கியில் ஏழு நாள் அவள் பெயரைப் 'பித்தலாட்டக்காரி' என்று வாசித்தார்கள். பியானுக்குச் சிவப்பு எழுத்துப் போட்ட எனாமல் குவளை பரிசாகக் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வந்து நின்றாள். திரையில் இரண்டு நிழல்கள். இரண்டும் தலைகீழ். இரண்டாவதை வைத்தது நிலையத்து நர்ஸ். அதை யாரும் இடுப்பில் கட்டவில்லை. அப்படியானால் முதலாவதும் உள்ளேதான் இருந்திருக்கிறது. இந்தக் கணக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் போதும். பியானுக்கும் புரிந்தது. முத்திரை குத்தினான்.

"அடுத்த ஆளு!"

அதன் பிறகும் வருஷக்கணக்கில் அவன்தான் பார்த்தான், அவன்தான் குத்தினான். மாதா மாதம் வயிற்றைப் பிசைகிறது, உதிரம் கொட்டுகிறது என்று அவள் சொன்னபோது, "ஒடம்பு வாகு அப்படி" என்றான். பம்புசெட்டு மீட்டருக்குக்கூட அவன் அவ்வளவு துரோகம் செய்ததில்லை.

இருபத்து நான்கு வருஷம் போயிற்று. சட்டம் மாறியது, நிலையத்தை மூடினார்கள். மாதவிலக்கு நின்ற பெண்கள் வளையத்தை எடுத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யின்ஃபெங்கும் சியாவ்ஜூவும் ஒரே வேனில் போனார்கள்.

சாயங்காலம் யின்ஃபெங் திரும்பியபோது பியான் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்தாச்சா?"

"எனக்கு ரெண்டு நிமிஷம். இத்தன வருஷத்துல ஒரு வலி இல்ல, ஒரு பிள்ள தங்கல. நல்லா ஒழைச்சிருக்கும்மான்னு டாக்டரம்மா சொல்லுச்சு." செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "சியாவ்ஜூவுக்கு ரெண்டு இருந்துச்சு."

பியான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்குக் கர்ப்பப்பை பின்னால சாஞ்சிருக்காம். அஞ்சு பேர்ல ஒருத்திக்கு அப்படித்தானாம், நோய் இல்லியாம். படத்துல தலைகீழாத் தெரியலாமாம். ஒண்ணு சதைக்குள்ள பொதஞ்சுபோய் கிடந்திருக்கு. மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அந்த வருஷம் கோடையில அவளப் பாத்தியே, எத்தன தெரிஞ்சுது?"

"அன்னைக்குக் கரண்ட் சரியில்ல."

"முத்திரைக்கு மட்டும் கரண்ட் இருந்துச்சாக்கும்?"

நான்காம் நாள் சியாவ்ஜூ வந்தாள். குட்டி மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே கறுத்துப்போன இரண்டு காப்பர் டி.

"பியான் அண்ணே, எனக்கு ஒண்ணும் வேணாம். ஒலிபெருக்கி இன்னும் வேல செய்யுது. ஏழு நாள் வேணாம், ஒரு நாள் போதும். நான் பொய் சொல்லலைன்னு உங்க வாயால சொல்லுங்க."

"பழங்கதை சியாவ்ஜூ. இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"வருஷா வருஷம் நீங்கதானே ஞாபகப்படுத்துறீங்க?"

அவன் புட்டியைப் பார்த்தான். அத்தனை வருஷம் நிழல் பார்த்து உண்ட மனிதன், உடம்புக்குள் இருந்து வந்ததை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதன் தண்டில் சுற்றிய செம்பு தேய்ந்திருந்தது. எந்த உடம்பில் வைத்தாலும், எத்தனை அயோக்கியர்கள் காவல் இருந்தாலும், அது தன் வேலையை மட்டும் செய்துவிட்டு வந்திருந்தது. அந்த நிலையத்தில் அப்படிச் சொல்லத்தக்கது வேறொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப எல்லாரும் மேலேருந்து சொன்னதத்தான் செஞ்சோம்," என்றான்.

"தலைகீழ்னு கத்தச் சொன்னது மேலேயா?"

அவன் சாப்பாட்டு நேரம் ஆகிறது என்றான். அவள் புட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கரகரத்தது. சந்தை விலைக்கு முன்னால் ஒரு பெண்குரல்: "மாவு மில் சியாவ்ஜூ பேசறேன். அன்னைக்கு நான் பொய் சொல்லல. ரெண்டு இருந்துச்சு. டாக்டர் சீட்டு மில் கதவுல ஒட்டியிருக்கேன், பாத்துக்கங்க. பியான் அண்ணனுக்கும் தெரியும்."

பியான் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். யின்ஃபெங் எழுந்து வந்து அதை அணைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்தாள்.