கடலுக்கு முதுகு காட்டிய ஆறு

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அட்லஸ் டீச்சர் என்று பேர். பிள்ளைகள் வைத்ததுதான், பதினெட்டு வருஷத்தில் அவளுக்கும் பிடித்துப்போயிருந்தது. ஆறாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு ஆப்பிரிக்கா நடத்தும்போது சுவரில் துணிப் படத்தை மாட்டுவாள். வடக்கு, மேற்கு, நடு, கிழக்கு, தெற்கு என்று ஐந்து பகுதிகளையும் குச்சியால் தொட்டுக் காட்டி, ஐம்பத்து நாலு நாடுகளையும் தலைநகரங்களோடு நெட்டுரு போட வைப்பாள். பரீட்சையில் அவள் பிள்ளைகள் ஒருவரும் தோற்றதில்லை.

அந்த வருஷம் 'ஆ' பிரிவுக்குப் புது டீச்சர் வந்தாள். அட்லஸ் டீச்சரின் ஒரே மகளும் அந்தப் பிரிவில்தான் போய் விழுந்தாள். பெற்ற பிள்ளைக்குத் தாய் பாடம் எடுக்கக் கூடாது என்பது தலைமையாசிரியையின் சட்டம்.

புது டீச்சர் புத்தகத்தைத் தொடவே இல்லை. கூட்ட அறையின் தரை முழுக்க ஆப்பிரிக்காவை வரைந்து, ஐந்து பகுதிக்கும் ஐந்து வண்ணம் பூசினாள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார்கள். சகாராவில் நடப்பவர்கள் நாக்கைத் தொங்கப்போட வேண்டும். காங்கோ காட்டில் குனிந்து போக வேண்டும். அட்லஸ் டீச்சர் வகுப்பு தலைநகரங்களை ஒப்பிக்கும்போது அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். பிள்ளைகளின் கண்கள் ஜன்னலுக்குப் போகும். அவள் போய் ஜன்னலைச் சாத்துவாள்.

வீட்டிலும் அதே பாட்டுதான். வாயைத் திறந்தால் மகளுக்கு "எங்க டீச்சர்". கிளிமஞ்சாரோ உச்சியில் பனி இருக்கிறதாம், எங்க டீச்சர் சொன்னார்களாம். இதே பனியைப் பற்றி மூன்று வருஷம் முன்னால் தாய் சொன்னபோது கொட்டாவி விட்ட பிள்ளை அது. தபால் ஆபீசில் வேலை பார்த்த கணவன், பாடம் மண்டையில் ஏறினால் சரி, யார் ஏற்றினால் என்ன என்று கேட்டுவைத்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது.

ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் கூட்ட அறைக்குள் நுழைந்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனாள். கிடைத்தது. நைஜர் ஆறு மேற்கு மலைகளில், கடலுக்குக் கிட்டத்திலேயே பிறக்கிறது. பிறந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலைவனம் வரைக்கும் போய், அங்கே வளைந்து, வெகுதூரம் இறங்கித்தான் கடலைச் சேருகிறது. புது டீச்சரோ பாலைவனத்திலிருந்து நேராக ஒரு கோடு இழுத்திருந்தாள்.

அட்லஸ் டீச்சரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மறுநாள் ஒரு வார்த்தை சொன்னால் புது டீச்சர் அழித்து வரைந்துவிடுவாள். சொல்லவில்லை. எட்டு நாளில் பெற்றோர் நாள். தலைமையாசிரியையும் பூகோளம் படித்தவள். அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெற்றோர் நாளுக்கு முதல் நாள், துணி தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் மகள் நீலத் துப்பட்டாவோடு வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு நான்தான் நைஜர் ஆறு. புத்தகத்துல வேற மாதிரி வளைஞ்சு போகுதே. எங்கேருந்து கிளம்பணும்?"

கை ஒரு நிமிஷம் நின்றது. "உங்க டீச்சர் சொன்னபடியே நட. என்னை எதுக்குக் கேக்குற?"

மறுநாள் கூட்ட அறையில் பெற்றோரும் அட்லஸ் டீச்சரும் சுற்றி நிற்க, மகள் துப்பட்டாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு பாலைவனத்திலிருந்து நேராகக் கடலுக்கு நடந்தாள். தலைமையாசிரியை கையைக் காட்டி நிறுத்தினாள். இந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டாள். மகள் முழித்தாள். பெற்றோரில் சிலர் சிரித்துவிட்டார்கள். தப்பு தன்மேல்தான், குழந்தை மேல் இல்லை என்று புது டீச்சர் உடனே முன்னால் வந்தாள்.

"புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு மிஸ்," என்றாள் மகள். "அம்மாகிட்டகூடக் கேட்டேன். டீச்சர் சொன்னபடியே நடன்னாங்க."

கோள் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அறையில் இருந்த தலைகள் அத்தனையும் அட்லஸ் டீச்சர் பக்கம் திரும்பின.

பிறகு ஆசிரியர் அறையில் புது டீச்சர் அவள் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"முன்னாடியே பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

புது டீச்சர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசியிருக்கலாம்.

அன்றைக்குப் பிறகு "எங்க டீச்சர்" என்ற சொல் வீட்டில் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பேச்சே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். இத்தனை நாள் வேண்டியது கையில் கிடைத்தும் அட்லஸ் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் புது டீச்சரைத் தேடிப் போய், வயிற்றெரிச்சலில் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றாள். தன் பிள்ளைகளையும் அந்தத் தரையில் நடக்கவிட வேண்டும் என்று கேட்டாள். புது டீச்சர் கால அட்டவணையைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட் காலி, கூட்டிவாருங்கள் என்றாள்.

செவ்வாயன்று 'அ' பிரிவு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓடியது. வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், சகாரா நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துச் சந்தோஷம் வந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலும் கூடவே வந்தது. பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவள் பையை இறக்கி வைப்பதற்குள் மகள் எதிரில் வந்தாள்.

"டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டியாமே?"

"ஆமா, கேட்டேன்."

"எங்கிட்ட?"

அட்லஸ் டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு நேராக உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.