ஆறு காம்பரா தூரம்

இலங்கை மலைநாட்டு நோர்வூட் கடைவீதியில் நான் தையல் கடை வைத்திருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி தூக்கும் ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். வலது தோள் மட்டும் தனியாகப் புடைத்திருக்கும். வந்ததும் ஆறிக் கிடக்கும் என் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தாடையோரம் வைத்துக்கொள்வார்.

"குண்டெறியிறதுல புதுசா யாரும் முந்திட்டாங்களா? பேப்பரப் பாருங்க."

ஒருவன் அறுபது அடியைத் தாண்டிவிட்ட செய்தியை வாசித்தேன். அவருக்கு அடிக்கணக்கு ஏறாது; குடும்பத்துக்கு ஒரு அறையாகத் தோட்டத்து லயத்தில் வரிசையாக நிற்கும் காம்பராக் கணக்குத்தான்.

"அப்ப எங்க வாசல்ல நின்னு எறிஞ்சா ஆறு காம்பரா தாண்டி விழும். அம்புட்டு எடத்துல நாங்க நாப்பது பேரு படுக்கிறோம்."

பிறகும் சாதனைத் தூரம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள், "நீங்களும் எறிஞ்சு பாக்குறதுதானே?" என்று விளையாட்டாகக் கேட்டுத் தொலைத்தேன். இங்கேயே பிறந்த அவருடைய பிரஜாவுரிமை மனுவை அரசாங்கம் அந்த மாதம்தான் தள்ளுபடி செய்திருந்தது.

பேப்பரில் விரலை வைத்தார். "பேருக்குப் பக்கத்துல நாட்டப் போடுறாங்களே. எனக்கு எதைங்க போடுவாங்க?"

நான் துணி வெட்டத் தொடங்கினேன். அவர் இஸ்திரிப் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.